மூன்றாம் அசைவு

பாடம் படிக்கிற ஜவ்வு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த வருஷம், அதை முதன்முதலாக முழங்காலில் வாங்கிக்கொண்டவர் கடையநல்லூர்ப் பக்கத்துத் தவில் வித்துவான் ஒருவர். மனிதருக்கு முட்டிச் சில்லு அடிக்கடி விலகும். சபையை வணங்கி எழுந்தால் விலகும். செருப்பைத் தேடித் திரும்பினால் விலகும். ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டவேண்டிய நேரத்தில் அவர் ‘ஐயோ’ என்று கத்த, மாப்பிள்ளை அதையே சைகையாக எடுத்துக்கொண்டு தாலியைக் கட்டிவிட்டார். அந்தத் தம்பதிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

டாக்டர் மைமூன் அவருக்குப் பொறுமையாக விளக்கினார்.

“உங்க முட்டிச் சில்லை உள்பக்கமா இழுத்துப் பிடிக்கிற ஜவ்வு கிழிஞ்சு தொளதொளன்னு கிடக்கு. முன்னெல்லாம் தொடையில இருந்து ஒரு நாரை எடுத்துத் தச்சு விடுவோம். இது உங்க உடம்பு செல்லை வச்சே வளர்த்தது. நாற்பத்தஞ்சு நாள் இதுக்குக் கண்ணு திறந்திருக்கும். அதுக்குள்ள நீங்க செய்யுற அசைவை எல்லாம் நல்லதுன்னு படிச்சுக்கும். அப்புறம் மூடிக்கும். மூடினதுக்குப் பிறகு தெரியாத அசைவு வந்தா, சில்லு விலகப் போகுதுன்னு பயந்து முட்டியைப் பூட்டிரும்.”

“பூட்டினா?”

“கால் கம்பு மாதிரி நிக்கும். ஆனா சில்லு விலகவே விலகாது.”

வித்துவான் கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நாற்பத்தைந்து நாளும் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தவிலை வைத்துக்கொண்டு சாதகம் செய்தார். பிறகு சுவாமி புறப்பாட்டுக்குத் தவிலைத் தோளில் மாட்டி நடக்கப்போனால், கால் பூட்டிக்கொண்டது. அத்தனை கனத்தோடு நடப்பதை அது படிக்கவில்லை. அவரைத் தட்டுவண்டியில் உட்காரவைத்து இழுத்துப் போனார்கள். நாதஸ்வரக்காரர் நடந்தார். அந்த மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை.

அடுத்தவர் ஒரு வட்டச் செயலாளர். படுக்கையில் கிடந்த நாட்களில் அவரைப் பார்க்க வந்த தலைவர்களின் காலில் எல்லாம் எழுந்து எழுந்து விழுந்து கும்பிட்டார். வீட்டுக்குப் போனபின் வெள்ளை வேட்டியைக் கண்டாலே அவர் முழங்கால் தானாக மடிய ஆரம்பித்தது. சலவைக் கடை இருக்கும் தெருவில் அவர் இப்போதும் நடப்பதில்லை. முழங்காலுக்குக் கண் கிடையாது, அது நடக்காத காரியம் என்று டாக்டர் சொன்னார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் அங்கே பயிற்சி அறை உதவியாளன். நோயாளிகளை அசைய வைத்து, பட்டியலில் டிக் போடுவது என் வேலை. கம்பெனி அனுப்பிய பட்டியலில் அறுபது அசைவுகள். எந்த நாட்டில் எழுதினார்களோ, பனியில் சறுக்குவது இருந்தது, குத்தவைத்து உட்காருவது இல்லை. நாங்கள் பனியை அடித்துவிட்டுக் குத்தவைப்பதைச் சேர்த்தோம். தோப்புக்கரணம் சேர்த்தோம். நிற்காத பஸ்ஸிலிருந்து இறங்குவதைச் சேர்த்தோம்.

மூன்றாவது அசைவு, விழுதல். மெத்தையின் மேல், முழங்கால் மடிய, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விழவேண்டும். ஒரு தடவை விழுந்தாலே ஜவ்வு படித்துக்கொள்ளும் என்று அடியில் குறிப்பு. அந்த ஒன்றை மட்டும் எங்கள் ஊரில் யாரும் செய்ய விடவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் போய் ‘விழுங்கள்’ என்று எந்த வாயால் சொல்வது? சொன்னபோது ஒருவர் என் முகத்தில் திருநீற்றை விட்டெறிந்தார். நர்ஸுகளே அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள், ‘மூணாம் நம்பர்’ என்பார்கள். ஆனால் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தால்தான் கம்ப்யூட்டர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும். ஆகவே டிக் போட்டுவிடுவேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தரையில் கால் வழுக்கிய ஓரிருவர் மட்டும் பலகை மாதிரி நீளமாகச் சாய்ந்து நெற்றியைப் பெயர்த்துக்கொண்டார்கள். அதற்கு ஈரத்தரையைக் காரணம் சொன்னோம்.

அப்படி இருக்கையில்தான் முப்புடாதி வந்தாள்.

பத்தொன்பது வயது. கபடியில் பாடிப் போகிறவள். சில்லு ஐந்து தடவை விலகியிருந்தது. ஐந்தாவது தடவை ஆடுகளத்திலேயே அதைத் தன் கையால் தள்ளிப் பொருத்திவிட்டு இன்னொரு முறை பாடிப் போனாள் என்று அவளுடைய பி.டி. மாஸ்டர் ஜெபமணி பெருமையாகச் சொன்னார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“நாலு மாசத்துல போலீஸ் செலக்‌ஷன் டாக்டர். விளையாட்டு ஒதுக்கீட்டுல பொம்பளப் பிள்ளையளுக்கு மூணு இடம். இவ காலு நின்னா ஒரு இடம் இவளுக்குத்தான்.”

“நிக்கலைன்னா?”

பதிலை முப்புடாதியின் அம்மா பேச்சிக்கனி சொன்னாள். “நிக்கலைன்னா என்கூட உக்காந்து பீடி சுத்த வேண்டியதுதான். நான் சுத்துன சுத்துக்கு நெஞ்சுல பாதி போயிட்டு. இவளுக்கும் அதான்னு எழுதியிருந்தா என்ன செய்ய?”

முப்புடாதி சுவரில் மாட்டியிருந்த முழங்கால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பத்தாம் நாளிலிருந்து வேலையை ஆரம்பித்தோம். எங்கள் பட்டியல் ஒரு பக்கம், ஜெபமணியின் பட்டியல் ஒரு பக்கம். விரல் நுனியால் கோட்டைத் தொடுவது, பின்னங்காலை நீட்டி உதைப்பது, மேலே வருகிறவளைத் தாண்டிக் குதிப்பது. மூன்றாம் வார்டு வராந்தாவில் கட்டில்களை ஓரங்கட்டிவிட்டு அவள் ‘கபடி கபடி’ என்று மூச்சுப் பிடித்துப் பாடிப் போவாள். எதிரே பிடிக்கிறவர்களாக மாவுக்கட்டு போட்ட ஏழு நோயாளிகள். அந்த மாதத்தில் எங்கள் வார்டில் எலும்பு கூடும் வேகம் அதிகரித்ததாக ஒரு ஆய்வுக் கட்டுரையே வந்தது.

நாற்பதாம் நாள் நான் மெத்தையைத் தரையில் விரித்தேன்.

“இது எதுக்கு?” என்றாள் பேச்சிக்கனி.

“மூணாம் நம்பர் பாக்கி இருக்கு. பிள்ள ஒரு தடவை விழணும்.”

“என்னது?”

“விழணும்மா. கபடிக்காரி. பிடிச்சா விழத்தான வேணும்?”

“ஏன் வே, உம்ம வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! ஆபரேசன் பண்ணுன பிள்ளையப் பாத்து விழச் சொல்லுதீரு? அவ விழாம இருக்கணும்னுதான கோயில் கோயிலா நேந்துக்கிட்டுக் கிடக்கேன்?”

ஜெபமணியைப் பார்த்தேன். படித்த மனுஷர், சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். “செலக்‌ஷன் நேரத்துல அப்படியெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம் பெரியவரே. நல்ல வார்த்தையா சொல்லிக் கொடுங்க.”

மெத்தையைச் சுருட்டினேன். முப்புடாதி சிரித்தாள். “விடுங்க தாத்தா. அதெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமா? நான் பிறந்ததுல இருந்து விழுந்துட்டுதான இருக்கேன்.”

அவளுக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியாது. இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் டிக் போட்டேன்.

செலக்‌ஷன் ஆட்டத்துக்கு ஆஸ்பத்திரி சார்பில் ஐஸ் பையோடு என்னை அனுப்பினார்கள். முதல் தடவை முப்புடாதி பாடிப் போனாள், ஒருத்தியைத் தொட்டாள், திரும்பினாள். மூன்று பேர் இடுப்பையும் தொடையையும் கணுக்காலையும் கோத்துப் பிடித்தார்கள். நல்ல பிடி. எந்தக் கபடிக்காரியும் அந்தப் பிடியில் கால் மடிந்து அந்த இடத்திலேயே குவிந்துவிடுவாள். முப்புடாதியின் கால் மடியவில்லை. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் முழங்கால் பூட்டிக்கொண்டது. அவள் பனைமரம் சாய்கிற மாதிரி முழு நீளத்துக்கும் முன்பக்கமாகச் சாய்ந்தாள். ஐந்தடி நான்கங்குலம், அதற்கு மேல் நீட்டிய கை. மோவாய் தரையில் மோதியது. விரல்கள் நடுக்கோட்டை ஒரு சாண் தாண்டிக் கிடந்தன.

பிடித்த மூன்று பேரும் அவுட்.

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். மற்ற நடுவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். முழங்கால் மடிய வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது தடவை கோட்டைத் தாண்டியபோது கீழ்ப்பல் ஒன்று போயிற்று. மூன்றாவது தடவை மோவாய் கிழிந்தது. ஜெபமணி எழுந்து நின்று கை தட்டினார். நான் ஐஸ் வைத்தேன். “தாத்தா, காலு மடிய மாட்டேங்கு” என்று ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள். “ஆனா நல்லதுதான?”

எதிரணித் தலைவி தூத்துக்குடிக்காரி. பெயர் பிரிசில்லா. இருபத்தைந்து வயதுக்காரி. அவளுக்கு வயது வரம்பு தாண்ட ஒரு வருஷம்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அவளும் ஒரு இடத்துக்காகத்தான் வந்திருந்தாள். “முட்டிய மடக்குங்கட்டி!” என்று கத்திப் பார்த்தாள். யாராலும் முடியவில்லை. கடைசியில் தானே தரையோடு பாய்ந்து, முப்புடாதியின் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு கையையும் கோத்துத் தொங்கினாள். மடங்கவேண்டிய கால் மடங்காமல் அவளையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. மேலே மூன்று பேர் விழுந்தார்கள். அடியில் பிரிசில்லாவின் கால் திரும்பிக்கொண்டது.

இருபது அடி தள்ளி நின்ற எனக்குச் சத்தம் கேட்டது. பத்து வருஷமாக முழங்கால்களோடுதான் என் பிழைப்பு. பார்க்காமலே சொன்னேன், சில்லு விலகிவிட்டது என்று.

முப்புடாதிக்கு வேலை கிடைத்தது. பேச்சிக்கனி வார்டு முழுக்கப் பூந்தி கொடுத்தாள். எனக்கு இரண்டு பொட்டலம்.

ஐந்து மாதம் கழித்துக் காக்கிச் சட்டையோடு, காரை எலும்பு முறிந்து முப்புடாதி வந்தாள். அம்மாவும் கூட வந்திருந்தாள். பயிற்சி மைதானத்தில் ஒரு சின்னக் கல் தடுக்கியதாம். மற்றவர்கள் தடுக்கினால் முழங்காலில் விழுந்து கையை ஊன்றி எழுந்துவிடுகிறார்கள். இவள் நின்ற உயரத்துக்கு அப்படியே போய் மோதுகிறாள்.

“இது ரெண்டாந்தடவை டாக்டர். பஸ் பிரேக் போட்டா பயமா இருக்கு. படி இறங்கும்போது சுவரைப் பிடிச்சுக்கிடுதேன். ராஜாத்தி மாதிரி நடக்கான்னு கேலி பண்ணுதாளுவ. இதத் திரும்பத் திறந்து விட முடியாதா? இன்னொரு நாற்பத்தஞ்சு நாள்?”

“எலும்போட எலும்பா வளர்ந்துட்டும்மா. வெட்டித்தான் எடுக்கணும். எடுத்தா சில்லு பழையபடி விலகும். போலீஸ் மெடிக்கல்ல நிக்காது.”

“வேலை போயிரும்.”

“ஆமா.”

டாக்டர் கோப்பைப் புரட்டினார். “விழுற பயிற்சி முடிஞ்சதுன்னு இருக்கே? முடிஞ்சிருந்தா இப்படிப் பூட்டாதே.”

முப்புடாதி கோப்பை வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது கட்டத்தில் என் டிக். பச்சை மையில், அழகாகவே போட்டிருந்தேன்.

“நான் எப்ப தாத்தா விழுந்தேன்?”

பேச்சிக்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆக்ஸிஜன் டேங்க் இருந்தது.

“சொல்லியிருக்கலாம்லா?” என்றாள் முப்புடாதி. அவ்வளவுதான். புகார் எழுதிக் கொடுக்கவில்லை. கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் படியிறங்கிப் போனாள். பேச்சிக்கனி பின்னாலேயே, பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

அதே வாரம் பிரிசில்லா வந்து சேர்ந்தாள். அந்த ஆட்டத்திலிருந்து சில்லு நான்கு தடவை விலகியிருந்தது. இந்த வருஷ செலக்‌ஷன் அவளுக்குக் கடைசி. ஆபரேஷன் முடிந்தது. பதினோராம் நாளே நான் மெத்தையை விரித்துவிட்டேன்.

“முதல்ல இதுதாம்மா. மிச்சமெல்லாம் அப்புறம்.”

மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இத எடுத்துருங்க.”

“பிள்ளே, உனக்கு விவரம் தெரியாது. அந்த முப்புடாதி...”

“எனக்கா தெரியாது? அவ காலப் பிடிச்சுத் தொங்குனது நானு. எங்க செட்டுல எல்லாத்துக்கும் தெரியும். சில்லு நல்லா இருக்கிற பிள்ளையளே, விலகாதான்னு படியில இருந்து குதிச்சுப் பாக்குறாளுவ, இங்க வந்து படுக்கிறதுக்கு. எனக்குக் கர்த்தர் தானா குடுத்திருக்கார். நீங்க விழப் படிச்சுத் தந்து கெடுத்துராதீங்க.”

“பல்லு போகும். காரை எலும்பு போகும். ஆயுசுக்கும் சுவரைப் பிடிச்சு நடக்கணும்.”

“போகட்டும். எங்க அப்பாவுக்குக் கடல்ல போக உடம்பு இல்ல. மூணு தங்கச்சி. பல்ல வச்சுக்கிட்டு நான் என்னத்தத் தின்ன?”

டாக்டரிடம் போனேன். அவர் பிரிசில்லாவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் களைத்துப்போய் வெளியே வந்தார். “வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா. கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்ல. அவ கால்.”

முப்புடாதிக்குப் போன் செய்தேன். ட்யூட்டி முடிந்து காக்கியோடு வந்தாள். பிரிசில்லாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் காலரை விலக்கித் தகடு வைத்த தழும்பைக் காட்டினாள். “படிச்சுக்கோ அக்கா. ஒரு தடவை விழுந்தா போதும். நான் கெஞ்சிக் கேக்கேன்.”

பிரிசில்லா தழும்பைப் பார்க்கவில்லை. தோளில் இருந்த எண் வில்லையைத்தான் பார்த்தாள். “நீ இத மாட்டிக்கிட்டு வந்து என்னைய விழச் சொல்லுதியா?”

முப்புடாதிக்கு முகம் சிறுத்துவிட்டது. கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நாற்பத்து நான்காம் நாள். வார்டு மெத்தைகளை மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். பிரிசில்லா அங்கே குதித்துத் திரும்பிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பட்டியலோடு நின்றேன். நன்றாக ஆடினாள். உண்மையைச் சொன்னால், முப்புடாதியைவிட நன்றாக. மெத்தைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். “தண்ணி குடுங்க தாத்தா” என்று கையை நீட்டினாள்.

தள்ளிவிட்டேன்.

முழங்கால் அழகாக மடிந்தது. பின்பக்கமாகப் போய், பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி உட்கார்ந்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை. முழங்காலை ஒரு தடவை நீட்டி மடக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்ன செஞ்சீங்க?”

“உன் நல்லதுக்குத்தாம்மா.”

“பாவி மனுஷா” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவளும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்து என்ன, படித்ததை மறக்கவைக்க வழி கிடையாது. செலக்‌ஷனில் முதல் தடவை பாடிப் போனபோதே கணுக்காலில் பிடித்தார்கள். நனைந்த சேலை கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி அந்த இடத்திலேயே மென்மையாகக் குவிந்தாள். நடுக்கோடு எட்டடி தள்ளி இருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்கு வேலைக்கு எடுத்த மூன்று பேரும், விழப் படிக்காத ஜவ்வோடு வந்தவர்கள், மோவாயில் தையலோடு நின்றார்கள். அடிபடாமல் மைதானத்தை விட்டுப் போனவர்களில் அவள் ஒருத்தி.

மறு வருஷம் அரசாங்கம் விழித்துக்கொண்டது. கால் மடியாத பெண்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க யாரும் வரவில்லை என்பது ஒரு காரணம். விழத் தெரியாதவருக்கு ஜவ்வு மூடக்கூடாது, விழுதல் முதல் பாடம், கட்டாயம், டாக்டர் கண்முன் நடக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. என் டிக்கை யாரும் நம்பவில்லை. ஆனால் நோயாளிகளுக்குப் பயம் போகவில்லை. முழங்காலில் ஆபரேஷன் ஆனவர் ஒருவர் விழுந்து எழுந்து காட்டினால்தான் அவர்கள் விழுந்தார்கள். அதற்கு ஒப்பந்த அடிப்படையில் ஒரு ஆளைப் போட ஆஸ்பத்திரி விளம்பரம் கொடுத்தது. வயது வரம்பு இல்லை.

பிரிசில்லாதான் வந்தாள். அவளைவிட நன்றாக விழுகிறவர்கள் இந்த ஜில்லாவில் இல்லை.

காலை எட்டு மணிக்கு என் பயிற்சி அறையில் நீல மெத்தை விரிப்பாள். நோயாளிகள் சுற்றி உட்கார்வார்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில். ஒரு நாளைக்கு நாற்பது தடவை விழுகிறாள். நான் நோயாளிகளின் பெயரை வாசிப்பேன், அவள் விழுவாள். முப்புடாதிக்கு மூன்றாவது தடவை எலும்பு முறிந்து வந்தபோது, அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தவளும் பிரிசில்லாதான். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திக்கொண்டார்கள்.

என்னோடு அவள் பேசுவதில்லை. வேலைக்கு வேண்டிய பேச்சுகூட நர்ஸ் மூலமாகத்தான். பின்பக்கமாக விழுவதற்கு மட்டும் ஒருவர் எதிரே நின்று லேசாகத் தள்ளவேண்டும், பாடம் அப்படி. அதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை. சுவரில் போய் இரண்டு கையையும் ஊன்றி, தன்னைத்தானே தள்ளிக்கொள்கிறாள்.